நிழலைப் பார்த்து மீட்டரை நம்புங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: "கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்த வெளிச்சம், ரோலைக் கழுவிப் பார்த்தால் காணோம்." ஆகவே இம்மாதம் ஃபிலிமும் இயற்கை வெளிச்சமும் மட்டும். ஃபிளாஷ் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். என்னிடமும் ஒரு ஃபிளாஷ் இருக்கிறது. உள்ளே போட்ட பேட்டரி கசிந்து பச்சை பூத்துப் பல வருடமாகிறது. அதை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய தேவை இன்னும் வரவில்லை.

கேள்வி: அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். 400 வேகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம். கேமராவின் வெளிச்ச மீட்டர் சொன்னபடியே ஷட்டர் 1/250 வினாடி, லென்ஸ் துளை எஃப்/8 வைத்து எடுத்தேன். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் தெளிவாக வந்திருக்கிறது. அம்மா மட்டும் கரிக்கட்டையாக இருக்கிறார். மீட்டர் பழுதா?
– ஒரு வாசகி

பதில்: மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு அம்மாவும் தெரியாது, ஜன்னலும் தெரியாது. எதிரே எது இருந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். படச் சட்டத்தில் பெரும்பகுதியை ஜன்னல் அடைத்துக்கொண்டால், ஜன்னலைச் சாம்பலாக்க என்ன வழியோ அதைத்தான் சொல்லும். உங்கள் படத்தில் ஜன்னலுக்கு ஒரு குறையும் இல்லை. கம்பிகளைப் பற்றி நீங்களே பாராட்டி எழுதியிருக்கிறீர்கள்.

நானாக இருந்தால் எழுந்து அம்மாவின் பக்கத்தில் போவேன். ஜன்னலுக்கு எதிர்ப்புறம், நிழல் விழுந்திருக்கும் கன்னம் மட்டும் வியூஃபைண்டரை நிறைக்கும்படி கேமராவைக் கிட்டே பிடிப்பேன். என் நிழல் அதன்மேல் விழக் கூடாது. மீட்டர் 1/30, எஃப்/2.8 என்கிறது என்று வையுங்கள். அப்படியே எடுத்தால் நிழல் கன்னம் சாம்பலாகிவிடும், அதில் நிழலின் கனம் இருக்காது. ஆகவே ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, 1/60, எஃப்/2.8. பிறகு இடத்துக்குத் திரும்பி வந்து, மீட்டர் முள் எங்கே ஓடினாலும் கண்டுகொள்ளாமல் எடுப்பேன். ஜன்னல் வெளுத்துப் போகும். போகட்டும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தை நிறையவே தாங்கும், பற்றாக்குறையைத் தாங்காது. நிழலில் ஒன்றுமே பதியவில்லை என்றால் பிரிண்ட் போடுகிறவர் என்ன வித்தை செய்தாலும் அங்கே ஒன்றும் வராது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் என்னையும் சேர்த்து எல்லோரும் நல்ல கறுப்பு. கறுத்த கன்னத்தில் மீட்டர் பிடித்தால், அதையும் சாம்பலாக்க வேண்டும் என்று அது அடம்பிடிக்கும். படத்தில் ஆள் வெளுத்துச் சாயம் போனதுபோல் இருப்பார். அப்போது ஒரு ஸ்டாப்புக்குப் பதில் ஒன்றரை, சில சமயம் இரண்டு ஸ்டாப் குறைக்கிறேன். இன்னொரு விஷயம்: வெளிர் மேனியில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது நிழல், கறுத்த மேனியில் பெரும்பாலும் மினுமினுப்பு. ஜன்னல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அகலமாக அந்த மினுமினுப்பு கன்னத்தெலும்பிலும் நெற்றியிலும் படரும். என் பாட்டியை எடுத்த படங்களில் நான் இன்னும் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. அதில் அவர் மூக்கின் தண்டில் ஜன்னலின் முழு உயரமும் ஒரு கோடாக நிற்கிறது.

நாற்காலியை எங்கே போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதிப் படம் அதில்தான் இருக்கிறது. என் பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரே அறையில், ஒரே ஜன்னலில், ஒரே காலையில் எடுத்த அளவுகள் இருக்கின்றன. 400 ஃபிலிமுக்கு ஜன்னலிலிருந்து இரண்டடியில் 1/60, எஃப்/4. நாலடியில் 1/60, எஃப்/2.8. எட்டடியில் 1/15, எஃப்/2.8. முதல் இரட்டிப்பில் ஒரு ஸ்டாப்தான் போனது, அடுத்த இரட்டிப்பில் இரண்டு ஸ்டாப். பக்கத்தில் இருக்கும்போது ஜன்னல் ஒரு சுவரளவுக்கு வெளிச்சம், நாலா பக்கமும் இருந்து வருகிறது. தள்ளிப் போகப் போக அது சின்ன விளக்கைப்போல ஆகிவிடுகிறது. அதன்பின் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும் என்ற பழைய கணக்கு வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ஆனாலும் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தவர் அசைந்தால்கூட ஒரு காது பிரகாசமாகவும் மறு காது இருட்டாகவும் ஆகிறது. நாலைந்தடி தள்ளிப் போட்டால் வெளிச்சம் குறையும், ஆனால் முகத்தின் இரு பக்கமும் ஓரளவு சீராக இருக்கும்.

நிழல் பக்கம் இன்னும் கறுப்பாக இருக்கிறதா? ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எதிர்ப்புறம் மூன்றடியில் நாற்காலி முதுகில் விரித்துப் போடுங்கள். ஒரு ஸ்டாப் அளவுக்கு நிழல் எழும்பும். இது ஒன்றும் ஏழைகள் வழி இல்லை. 1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ' என்ற வங்காளப் படத்தில், ஸ்டூடியோவுக்குள் போட்ட வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பி, வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம்போல் ஆக்கியவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. அவர் துணியால் வானம் செய்தார். உங்களுக்கு வானம் ஏற்கெனவே ஜன்னலில் இருக்கிறது, துணி மட்டும்தான் தேவை.

கேள்வி: என் கேமராவில் மீட்டரே இல்லை. தனி மீட்டர் வாங்காமல் வெளியில் எடுக்க முடியுமா ஐயா?
– கல்லூரி மாணவர்

பதில்: தாராளமாக, தம்பி. தரையில் உங்கள் நிழலைப் பாருங்கள், அதுதான் மீட்டர். ஷட்டரை ஃபிலிம் வேகத்துக்குப் பக்கத்து எண்ணில் வையுங்கள்: 100 ஃபிலிமுக்கு 1/125, 400 ஃபிலிமுக்கு 1/500. இனி நிழலைப் பார்த்து லென்ஸ் துளை (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்). ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் எஃப்/16. நிழல் இருக்கிறது, ஓரம் மங்கல் என்றால் எஃப்/11. உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால் எஃப்/8. நிழலே இல்லை, வானம் கனத்துக் கிடக்கிறது என்றால் எஃப்/5.6. வெயில் நாளில் கட்டட நிழலுக்குள், மேலே வானம் திறந்திருக்கும் இடத்தில் ஆளை நிறுத்தினால் எஃப்/5.6, சந்தேகமாக இருந்தால் எஃப்/4. ஒரு காலத்தில் ஃபிலிம் டப்பாவின் உட்புறத்திலேயே இதைப் படம் போட்டு அச்சடித்திருப்பார்கள். டப்பாவைக் கிழித்து எறிந்துவிட்டு மீட்டருக்கு அலைந்தவர்களில் நானும் ஒருவன்.

சூரியன் கீழே இறங்கிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. உதயத்துக்கு இரண்டு மணி நேரம் பின்னும், அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் உள்ள இடைவெளிக்குத்தான் இது. நெகட்டிவ் ஃபிலிமானால், குழப்பம் வரும்போது ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள். ஸ்லைடானால், அதாவது நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமாகவே வரும் ஃபிலிமானால், அந்தத் தாராளம் கூடாது. அதில் வெளுத்த இடம் வெறும் கண்ணாடிதான், ஒன்றும் மிச்சமிருக்காது.

கேள்வி: கலர் ஃபிலிமில் நிழலில் எடுத்தால் எல்லாம் நீலம். மரத்தடியில் எடுத்தால் முகம் பச்சை. ஃபிலிம் காலாவதியானதாக இருக்குமோ?
– இல்லத்தரசி, புதிதாகக் கற்பவர்

பதில்: ஃபிலிம் நேர்மையாக இருக்கிறது, நம் கண்தான் பொய் சொல்கிறது. நிழலுக்குள் சூரியன் நேராக வராது. அங்கே விழுவது நீல வானத்தின் வெளிச்சம். பகல் வெளிச்சத்துக்கென்று செய்த கலர் ஃபிலிம் 5,500 கெல்வின் என்ற வண்ண அளவை எதிர்பார்க்கிறது (எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும்). நீல வானத்தின் கீழே நிழலில் அது 7,000-க்கும் மேலே போகும். மூளை அந்த நீலத்தைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டு வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே காட்டுகிறது. ஃபிலிமுக்கு மூளை இல்லை.

நீலத்துக்கு வைத்தியம் எளிது. 81ஏ என்ற இளமஞ்சள் ஃபில்டர் ஒன்றை லென்ஸில் மாட்டினால் நீலம் ஓரளவு குறையும், வெளிச்சமும் அதிகம் போகாது. நெகட்டிவானால் பிரிண்ட் போடும்போதும் ஸ்கேன் செய்யும்போதும் ஓரளவு சரிக்கட்டலாம். ஸ்லைடில் எடுத்தது எடுத்ததுதான்.

பச்சைக்கு அப்படி வைத்தியமில்லை. ஒரு முறை ஒரு குடும்பத்தில் பதினோரு பேரைப் பெரிய மரத்தடியில் வரிசையாக நிறுத்தி எடுத்தேன். மேலே இலை, கீழே புல். இலைக்குள் வடிந்து வந்த வெளிச்சம் தலையிலும், புல்லில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தாடைக்கடியிலும் விழுந்திருந்தது. நடுவில் நின்ற தாத்தாவின் வெள்ளைச் சட்டை மட்டும் இலை இடுக்கு வழியே வந்த வெயிலில் பளீரென்று இருந்தது. தாடையில் பச்சையை எடுத்தால் தாத்தாவின் சட்டை செந்நிறமாகிறது, சட்டையைச் சரி செய்தால் எல்லோரும் பச்சை. கடைசியில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு, "இதுதான் காலத்துக்கும் நிற்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் நம்பினார்கள். எனக்குத்தான் இன்னும் உறுத்தல்.

இப்போதெல்லாம் மரத்தின் உள்ளே நிறுத்துவதில்லை, நிழலின் விளிம்புக்குக் கூட்டிவருகிறேன். முகம் வெளியே பார்க்க, முதுகு மரத்துக்கு. வானமும் எதிரே இருக்கும் வெறுந்தரையும் முகத்துக்கு வெளிச்சம் தரும், இலைக்கு அங்கே வேலை இருக்காது.

கேள்வி: அதிகாலையும் அந்திமாலையும்தான் படம் எடுக்க ஏற்ற நேரம் என்கிறார்களே?
– பெயர் வேண்டாம்

பதில்: மற்ற நேரத்தில் தூங்க விரும்புகிறவர்கள் சொல்வது. நடுப்பகலில் வாசற்படிக்கு இரண்டடி உள்ளே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். வெளியே தரையில் அடிக்கும் வெயில் கீழிருந்து திரும்பி, கண்குழியை நிரப்பிக்கொண்டு முகத்துக்கு ஏறும். அந்த வெளிச்சம் காலை ஆறு மணிக்குக் கிடைக்காது. வெட்டவெளியில் நடுப்பகலில் முகங்களை எடுக்காதீர்கள், அது மட்டும் சரி. அந்த நேரம் சுவர்களுக்கும் படிகளுக்கும் உரியது.

கேள்வி: அப்பாவின் பழைய கேமரா கிடைத்தது. மீட்டர் முள் ஆடுகிறது, புது பேட்டரியும் போட்டேன். ஆனால் எல்லா நெகட்டிவும் மெலிந்து வருகிறது. நிழலெல்லாம் வெற்று ஃபிலிம்.
– வங்கி ஊழியர்

பதில்: பழைய மீட்டரில் என்ன பேட்டரி போட வேண்டும் என்று அதன் மூடிக்குள்ளோ கையேட்டிலோ பாருங்கள். பிஎக்ஸ் 625 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. அது 1.35 வோல்ட் தரும் பாதரச பேட்டரி. பாதரசம் நஞ்சு என்பதால் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்று அதே வடிவத்தில் கிடைப்பது 1.5 வோல்ட் ஆல்கலைன். பொருந்தும், முள்ளும் ஆடும், அதுதான் ஆபத்து. கூடுதல் வோல்ட்டில் அந்தக் காலத்து மீட்டர்களில் பெரும்பாலானவை இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொள்ளும். உங்களைக் குறைவாகக் கொடுக்கச் சொல்லும். நெகட்டிவ் மெலியும். ஆல்கலைன் தேயத் தேய வோல்ட் இறங்கிக்கொண்டே போவதால், "எப்போதும் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்கிறேன்" என்ற சமாளிப்பும் நிலைக்காது.

காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட்டை ஒட்டி நிற்கும். கொஞ்சம் சிறியது, சுற்றி ஒரு வளையம் போட்டால் உட்காரும். ஸ்டிக்கரைப் பிரித்த நாளிலிருந்து அதற்கு ஆயுள் குறைவு, சில வாரமோ ஓரிரு மாதமோதான். போட்டபின் நல்ல வெயிலில் பச்சைப் புல்தரையையோ சாம்பல் நிறத் தரையையோ நோக்கிப் பிடியுங்கள். மாணவத் தம்பிக்குச் சொன்ன கணக்கோடு மீட்டர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் அப்பாவின் கேமரா பிழைத்தது.

கேள்வி: மாலையில் வெளிச்சம் போதாமல் 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, கழுவும் இடத்தில் இரண்டு ஸ்டாப் புஷ் செய்யச் சொன்னேன். முகத்தின் ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் இருட்டு. கழுவியவர் தவறா?
– குறும்பட இயக்குநர்

பதில்: கழுவியவரை விட்டுவிடுங்கள். புஷ் என்பது கூடுதல் நேரம் டெவலப்பரில் ஊறவைப்பது. வெளிச்சம் பட்ட இடத்தை அது நெகட்டிவில் இன்னும் கறுப்பாக்கும், பிரிண்டில் அதுதான் வெள்ளை. வெளிச்சமே படாத இடத்தில் டெவலப்பருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆக வெள்ளை ஏறுகிறது, நிழல் அதே இடத்தில் நிற்கிறது, இடைவெளி விரிகிறது. ஏற்கெனவே ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக இருந்த முகத்தில் இதைச் செய்தால் நீங்கள் சொன்ன சுண்ணாம்புதான் கிடைக்கும்.

மழை மேகம் கவிந்த சாயங்காலம், நிழலே இல்லாத சப்பையான வெளிச்சம் என்றால் இதே புஷ் அழகாக வேலை செய்யும். அந்தப் படங்களுக்குக் கொஞ்சம் முறுக்கு வேண்டும், அதை அது கொடுக்கும். அன்றைக்கு உங்களுக்குத் தேவைப்பட்டது ட்ரைபாடும், அசையாமல் நிற்கத் தெரிந்த நடிகரும். இரண்டாவது கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: அந்தி மயங்கியபின் ட்ரைபாடில் வைத்து எடுக்கிறேன். மீட்டர் 10 வினாடி என்றது, 10 வினாடி கொடுத்தேன், இருட்டாகத்தான் வருகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஒரு வினாடியைத் தொட்டாலே ஃபிலிமுக்குச் சோம்பல் வந்துவிடும், சார். வெள்ளி உப்புத் துகளில் வெளிச்சம் பட்டு ஓர் அணு உருவாகிறது. கூடவே இன்னும் சில அணுக்கள் சேர்ந்தால்தான் அது நிலைக்கும். வெளிச்சம் மிக மெதுவாகச் சொட்டும்போது, அடுத்தது வருவதற்குள் முதலாவது கலைந்துபோகிறது. ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடிப்பதுபோல. குழாயைத் திறந்துவிட்டால் நிரம்பும், சொட்டினால் நிரம்பாது.

எவ்வளவு கூட்டுவது என்பது ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். கோடக் நிறுவனம் ட்ரை-எக்ஸ் என்ற தன் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு வெளியிட்ட பழைய அட்டவணையில் 1 வினாடிக்கு 2, 10 வினாடிக்கு 50, 100 வினாடிக்கு 1,200. கடைசியது இருபது நிமிடம்! இல்ஃபோர்டு நிறுவனத்தின் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு அந்த நிறுவனம் தரும் கணக்குப்படி 10 வினாடிக்கு 20 வினாடி போதும். நீங்கள் எந்த ஃபிலிம் போட்டீர்கள் என்று எழுதவில்லை, அதன் விவரத் தாளைத் தேடிப் பாருங்கள். அந்தியில் இன்னொரு தொல்லை: நீங்கள் 50 வினாடி எண்ணி முடிப்பதற்குள் வெளிச்சம் இன்னும் இறங்கியிருக்கும். நான் எண்ணிக்கையை முடித்துவிட்டு, மனம் கேட்காமல் இன்னும் பத்து எண்ணுவேன்.

கேள்வி: முழு நிலவையும் கீழே வீடுகளையும் ஒரே படத்தில் எடுக்க ஆசை. நிலா எப்போதும் வெள்ளைப் பொட்டாகவே வருகிறது. முடியுமா?
– பள்ளி மாணவி

பதில்: நிலா இரவில் தெரிந்தாலும் அது வெயிலில் கிடக்கும் பாறை, அம்மா. வெயில் கணக்கையே அதற்கும் போடலாம். ஒரு ஸ்டாப் மட்டும் கூட்டி எஃப்/11, ஷட்டர் ஃபிலிம் வேகத்துக்கு. 400 ஃபிலிமுக்கு 1/500. அந்த அளவில் வீடுகள் மையிருட்டு. வீடுகளுக்குச் சரியாக வைத்தால் நிலா பொட்டு. நடு இரவில் இரண்டும் சேராது.

சேரும் நேரம் ஒன்று உண்டு. 1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் காரில் போகும்போது ஹெர்னாண்டஸ் என்ற ஊருக்கு மேலே நிலா எழுவதைப் பார்த்தார். கீழே கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில். பெரிய கேமராவை அவசரமாக நிறுத்திவிட்டு மீட்டரைத் தேடினால் காணோம். நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 மெழுகுவத்தி (வெளிச்சத்தை அளக்கும் பழைய அலகு) என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒன்று எடுத்தார். இரண்டாவது எடுக்க ஃபிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவிலும் நிலாவுக்குக் கணக்கு சரி, கீழே நிலம் மெலிந்துதான் வந்தது. பல வருடம் பிரிண்ட் போட்டுத் திண்டாடிவிட்டு, 1948-இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் திரும்ப ஊறவைத்து அடர்த்தி ஏற்றினார்.

ஆகவே முழு நிலவு நாளில், அல்லது அதற்கு முந்தைய நாளில், சூரியன் இறங்கும்போதே மொட்டைமாடிக்குப் போய்விடு. கிழக்கே நிலா ஏறும், வீடுகளின் சுவரில் இன்னும் மேற்கு வெளிச்சம் மிச்சமிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வரும். சுவரை நோக்கி மீட்டர் பிடித்து எழுதிக்கொள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார். நிலாவின் வெளிச்சம் இறங்காது, சுவரின் வெளிச்சம் இறங்கிக்கொண்டே வரும். இரண்டுக்கும் இடையே இரண்டு ஸ்டாப் இருக்கும்போது எடு. முந்திக்கொண்டு ஒன்று, அப்போது ஒன்று, கொஞ்சம் பொறுத்து ஒன்று என்று மூன்று எடுத்தால் தப்பில்லை. நெகட்டிவை எனக்கு அனுப்பாதே, பிரிண்ட் மட்டும் அனுப்பு. நெகட்டிவ் தபாலில் வளையும்.